பார்க்கின்சனோடு வரும் மனச்சோர்வு: முதலில் எந்த வழி?

எங்கள் மாமா, அதாவது என் மாமனார், அரசு பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். மதுரை – தேனி வழித்தடம். ரிட்டயர் ஆன பிறகும் விடிகாலை எழுந்து பழங்காநத்தம் முனைக் கடையில் ஒரு டீ, பேப்பர், இரண்டு பழைய கண்டக்டர்களோடு அரட்டை என்று நேரம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தார். கை ஆடி உடம்பு இறுகும் மூளை நோயான பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லி நான்கு வருஷம் ஆகிறது. வலது கைதான் ஆடும். போன ஆடியில் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். கேட்டால், "கிளாஸு ஆடுதும்மா, சட்டையெல்லாம் ஊத்திக்கிறேன்" என்றார். சரி, வீட்டிலேயே குடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அப்புறம் பேப்பர் நின்றது. அப்புறம் பேச்சு நின்றது. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது" என்று அத்தையிடம் கேட்டிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். நாத்தனாருக்கு இங்கே மதுரையில் இருக்கும் பாண்டி முனீஸ்வரர் கோயில். உசிலம்பட்டியில் இருக்கும் சின்ன மாமனாருக்குப் பூனைக்காலிச் சூரணம். என் கணவருக்கு, நரம்பு டாக்டரிடம் சொல்லி மாத்திரையைக் கூட்டுவது. அத்தைக்கு எதுவுமே வேண்டாம். "வயசாச்சு, கையும் ஆடுது. மனசு எப்படி இருக்கும்? அவரைப் போட்டுப் படுத்தாதீங்க." நான் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட். பதினாறு வருஷமாகக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறேன். அதனால் என்னிடம் எல்லோரும் எதிர்பார்த்தது ஒரு மாத்திரையின் பெயரை.

எனக்கு முதலில் வந்த கேள்வி வேறு. பார்க்கின்சன் உடம்பில் மலச்சிக்கல் ஏற்கெனவே இருக்கிறது. எழுந்து நின்றால் பிரஷர் இறங்குகிறது. ராத்திரித் தூக்கம் கெட்டுக் கிடக்கிறது, கீழே விழும் பயம் எப்போதும் உண்டு. மனச்சோர்வுக்கு எதைக் கொடுத்தாலும் அது இவற்றில் எதைக் கூட்டும்? வீரியத்தை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதைவிட, இந்த உடம்பு எதைத் தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். கீழே எழுதுவதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

அத்தை சொன்ன வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். செலவில்லாத வழி, கேட்பதற்கு அன்பாகவும் இருக்கும். கை ஆடினால் யாருக்கும் விசனம் வரத்தான் செய்யும். ஆனால் பார்க்கின்சன் வந்தவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேருக்குக் கவனித்தே ஆக வேண்டிய அளவு மனச்சோர்வு இருக்கிறது. சிலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பே அது வந்துவிடுகிறது. வராத நோயை நினைத்து யாரும் விசனப்பட முடியாது இல்லையா? மூளையில் கை கால் அசைவை நடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் மட்டும் இதில் அழிவதில்லை. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின், நார்அட்ரினலின் செல்களும் கூடவே தேய்கின்றன. 1817இல் லண்டனில் இந்த நோயைப் பற்றி முதலில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றே எழுதிவைத்தார். அதன் பிறகு வெகுகாலம் எல்லோரும் கையையும் காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனம் சோர்ந்தவர் நடக்க மாட்டார், நடக்காவிட்டால் உடம்பு இறுகும். இறுகினால் இன்னும் சோர்வார். மாத்திரையையும் ஒதுக்க ஆரம்பிப்பார். பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது காய்ச்சலும் கடும் இறுக்கமுமாக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியது. ஆகவே "விடுங்க" என்ற வழியை நான் அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி மூடிவைத்தேன்.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வந்திருப்பது மனச்சோர்வுதானா என்று பார்க்க வேண்டும். இதில் ஏமாறுவது சுலபம். பார்க்கின்சனில் முகத்தசை இறுகி முகம் உம்மென்று ஆகிவிடும். குரல் இறங்கிவிடும், நடை தளரும். உள்ளே சந்தோஷமாக இருப்பவரும் வெளியே துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிவார். இன்னொன்று, ஆர்வம் வற்றிப்போவது. இவர்களுக்கு வருத்தம் இருக்காது, தானாக எதையும் தொடங்க மாட்டார்கள், அவ்வளவுதான். பேரன் கையைப் பிடித்து இழுத்தால் எழுந்து போவார்கள், போன இடத்தில் சிரிப்பார்கள். மனச்சோர்வில் அந்தச் சிரிப்பு வராது. இந்த வித்தியாசம் ஏன் முக்கியமென்றால், மனச்சோர்வு மாத்திரைகள் ஆர்வமின்மைக்குப் பெரிதாக உதவுவதில்லை. அவர்களுக்குத் தினசரி ஒழுங்கும் கூட ஓர் ஆளும்தான் வேலை செய்யும். மாமாவுக்குப் பேத்தி வந்தும் முகம் மலரவில்லை. விடியுமுன் விழிப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, எரிச்சல், "இருந்து என்ன" என்ற பேச்சு. இது சோர்வுதான் என்று தெரிந்தது. தைராய்டு, பி12, ரத்தசோகை இவற்றையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஒரே தடவை ரத்தம் எடுத்தால் முடிகிற வேலை.

இனி நான் முதலாவதாக வைக்கும் வழி. இதற்குப் புது மாத்திரையே தேவையில்லை. இருக்கும் மாத்திரைகளை எல்லாம் மேசையில் கொட்டிப் பார்ப்பது.

இங்கே என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். மாமாவுக்கு வயிறு உப்புசம் என்று பக்கத்து கிளினிக்கில் ஒரு கேப்ஸ்யூல் எழுதினார்கள். அசிடிட்டி மருந்தோடு லெவோசல்பிரைடு சேர்ந்தது. இந்த ஊரில் கேஸ் என்று வருகிற நிறையப் பேருக்கு எழுதும் மருந்து. அது டோபமைனைத் தடுக்கும். பார்க்கின்சன் இல்லாதவருக்கே சில சமயம் கை ஆட்டம் கொடுத்துவிடும். இரண்டு மாதம் என் கையாலேயே அட்டை அட்டையாக எடுத்து வந்து கொடுத்திருக்கிறேன். கடையில் வேறு யாராவது அந்தச் சீட்டோடு வந்திருந்தால் நிறுத்திக் கேட்டிருப்பேன். வீட்டு ஆளென்றால் கண் மறைத்துவிடுகிறது.

இதே வரிசையில் இன்னும் சில உண்டு: வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குப் புரோகுளோர்பெரசின், சின்னரிசின், புளூனரிசின். இவற்றைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. புளூபென்திக்சாலும் மெலிட்ராசனும் சேர்ந்த மாத்திரை. "மனசு சரியில்லை, நரம்புத் தளர்ச்சி" என்று போகிறவர்களுக்கு இதை எழுதும் வழக்கம் இங்கே உண்டு. புளூபென்திக்சாலும் டோபமைனைத் தடுப்பதுதான். மனச்சோர்வுக்கென்று கொடுக்கும் மருந்தே கையையும் காலையும் பூட்டிவிடும். சீட்டில் இந்தப் பெயர்கள் இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், நரம்பு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்கள் டாக்டர் அந்தக் கேப்ஸ்யூலை அன்றைக்கே எடுத்துவிட்டார்.

அடுத்தது கடிகாரம். மாமாவின் எழுத்து எறும்பு ஊர்ந்தது போலச் சிறுத்துவிட்டதால் அத்தைதான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணிக்கு மணி குறித்தார். மாத்திரை நேரம், சாப்பாடு, நடை, மனசு "சரி" அல்லது "இல்லை". ஒரு வாரத்தில் படம் தெளிவாகிவிட்டது. காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு என்று, மூளைக்குள் டோபமைனாக மாறும் முக்கியப் பார்க்கின்சன் மாத்திரையான லெவோடோபாவைப் போட்டுக்கொண்டிருந்தவருக்குப் பன்னிரண்டு மணிக்கும் மாலை ஆறுக்கும் கை ஆட்டம் ஏறும்போது மனசும் கூடவே இறங்கியது. மாத்திரையின் வேகம் தீரும்போது நடுக்கம் வருவது எல்லோருக்கும் தெரியும். பதற்றமும் அழுகையும் அதே நேரத்தில் வந்து போகும் என்பது பலருக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரிந்தது. இட்லி, சாம்பார் சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார். பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவு லெவோடோபா உள்ளே போவதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே அதைப் போட்டுவிட வேண்டும். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஏழு, பதினொன்று, மூன்று, ஏழு என்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தார். மூன்று வாரத்தில் பகல் நேரத்து இறக்கம் பாதியாகக் குறைந்தது. விடியற்காலை விழிப்பும் "யாருக்கு என்ன" பேச்சும் குறையவில்லை. ஆக அது கடிகாரத்தோடு சேர்ந்ததல்ல, தனியாக மருந்து கேட்கிற சோர்வு.

என் கணவர் சொன்ன, பார்க்கின்சன் மருந்தையே கூட்டுகிற வழிக்கும் ஆதாரம் இருக்கிறது. பிரமிபெக்சோல் என்ற மாத்திரை கை கால் அசைவுக்கு மட்டுமல்லாமல் மனச்சோர்வுக்கும் நேரடியாக உதவுகிறது என்று 2010இல் வெளிவந்த பன்னிரண்டு வாரச் சோதனை ஒன்று காட்டியது. ஒரே மாத்திரையில் இரண்டு வேலை. ஐம்பதுகளில் இருப்பவர், மூளை தெளிவாக இருப்பவர், பிரஷர் இறங்காதவர் என்றால் நானும் இதைத்தான் முதலில் கேட்பேன். ஆனால் இது எடுக்கும் சிலருக்குத் தன்னைக் கட்டுப்படுத்தும் சக்தி கழன்றுவிடும். சூதாட்டம், தேவையில்லாத செலவு, காமம், ஓயாத தீனி. எங்கள் கடைக்கு வரும் ஒரு அம்மா, தன் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கப் போனில் ரம்மி ஆடிப் பணத்தைத் தொலைக்கிறார் என்று அழுதார். மனுஷன் அதுவரை சீட்டுக் கட்டைத் தொட்டதில்லை. டோஸ் ஏற்றிய தேதியையும் ரம்மி தொடங்கிய தேதியையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இந்த மாத்திரையை ஏற்றும்போதே வீட்டில் ஒருவர் பண விஷயத்தைக் கண்காணிக்க வேண்டும். மாமாவுக்கு எழுபத்தொன்று, எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது. இது போடுகிறவர்களுக்குப் பகலில் தூக்கமும், வயதானவர்களுக்கு இல்லாத ஆள் தெரிவதும் வரக்கூடும். டாக்டரும் வேண்டாம் என்றார்.

மிச்சம் மனச்சோர்வு மாத்திரைகள். இதில் மூன்று கூட்டம்.

பழைய கூட்டம் நார்டிரிப்டிலின், அமிட்ரிப்டிலின் போன்றவை. வேலை செய்யும். 2009இல் 52 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்த சின்னச் சோதனையில் நார்டிரிப்டிலின் புதிய மாத்திரையான பராக்ஸிடினை முந்தியது. தூக்கத்துக்கும் நல்லது, விலையும் குறைவு. ஆனால் நான் சொன்ன கணக்கில் தோற்பது இங்கேதான். மலச்சிக்கல் கூடும், வாய் உலரும், புராஸ்டேட் வீக்கம் இருப்பவருக்குச் சிறுநீர் அடைக்கும், பிரஷர் இறங்கும், வயதானவருக்கு ஞாபகம் குழம்பும். நடுக்கத்துக்கென்று டிரைஹெக்ஸிபெனிடில் ஏற்கெனவே போடுகிறவர் என்றால் இந்தக் கெடுதல்கள் இரட்டிப்பாகும். அறுபதுக்குள் இருக்கும், குடல் நன்றாக வேலை செய்யும், தூக்கமே வராத ஒருவருக்கு நான் இதைத் தள்ள மாட்டேன். மாமாவுக்குத் தள்ளினோம்.

இரண்டாவது கூட்டம் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்ஸிடின். மூன்றாவது வென்லாபாக்ஸின். பராக்ஸிடினும் வென்லாபாக்ஸினும் பார்க்கின்சன்காரர்களுக்கு வெற்று மாத்திரையைவிட நன்றாக உதவின என்று 2012இல் வந்த சோதனை சொன்னது, கை கால் அசைவும் மோசமாகவில்லை. இவற்றில் மலச்சிக்கல், குழப்பம் தொல்லை குறைவு. எங்கள் தேர்வு செர்ட்ராலின், சின்ன டோஸில். ஆனால் இதையும் சும்மா விழுங்கக் கூடாது. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம், திடீர்க் குழப்பமும் அசதியும் வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆஸ்பிரின் போடுகிறவர்களுக்கு ரத்தக் கசிவு வாய்ப்பு கொஞ்சம் கூடும். சிலருக்குக் கை ஆட்டம் லேசாக ஏறும். பார்க்கின்சனுக்கு ராசாஜிலினோ செலிஜிலினோ போடுகிறவர் என்றால் மனநல டாக்டருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும், இரண்டும் சேர்ந்து செரட்டோனின் எகிறிவிடும் ஆபத்து உண்டு. அந்த மாதிரி ஆளுக்கு இருமல் என்றால் டெக்ஸ்ட்ரோமெதார்பன் கலந்த சிரப்பைச் சீட்டில்லாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். கடையில் நானே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எஸ்சிட்டலோபிராமோடு, பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் குளோனசிபம் சேர்ந்த அட்டை எங்கள் கவுன்ட்டரில் நிறைய ஓடும். முதியவர்களுக்கு அந்தக் குளோனசிபம் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழவைக்கும். தனி மாத்திரையாக எழுதச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் பொறுமை. முதல் வாரம் குமட்டலும் படபடப்பும் வரும், பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாள், "ஒண்ணும் கேட்கலை" என்று மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

மாத்திரைக்குப் பதிலாகவா, மாத்திரையோடா என்று கேட்க வேண்டிய இன்னொரு வழி பேச்சு சிகிச்சை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறையில் பத்து வாரம் கொடுத்ததில், 80 பார்க்கின்சன் நோயாளிகள் கலந்துகொண்ட 2011 சோதனையில் நல்ல பலன் கிடைத்தது. கூட இருப்பவர்களுக்கும் அதில் தனியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னால் அதையே போனில் நடத்தியும் பார்த்தார்கள், அதுவும் பலித்தது. இதில் உடம்புக்கு எந்தப் பக்கவிளைவும் கிடையாது, அதுதான் இதன் பெரிய பலம். பலவீனம், பார்க்கின்சனும் தெரிந்து தமிழிலும் பொறுமையாகப் பேசும் மனநல ஆலோசகர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மாமா போன்ற ஆட்களுக்கு முன்பின் தெரியாதவரிடம் மனசைத் திறப்பது தெரியாது. முதல் இரண்டு தடவை அவர் தேனி ரூட்டைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு வந்தார். மூன்றாவது தடவைதான் டீ கிளாஸ் கதை வெளியே வந்தது. ஆலோசகர் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது: மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, கை அடங்கியிருக்கும்போது, கடைக்குப் போய் அரை கிளாஸ் மட்டும் வாங்குவது. டீ மாஸ்டரிடம் முன்கூட்டியே நானே சொல்லிவைத்தேன். மாமாவுக்கு அது தெரியாது, தெரிந்தால் போயிருக்க மாட்டார்.

நடையும் யோகாவும் மாத்திரைக்குச் சமமா? லேசான சோர்வுக்கு முதல் வழியாகவே வைக்கலாம். ஹாங்காங்கில் 138 பேரிடம் எட்டு வாரம் மனம் குவிக்கும் யோகா கற்றுக்கொடுத்து 2019இல் வெளியிட்ட சோதனையில் சோர்வும் பதற்றமும் குறைந்தன. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி விடிகாலையில் நடக்கிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் ஆள் துணையும் கிடைக்கும். ஆனால் ஆழமான சோர்வில் இருப்பவரிடம் "வாக்கிங் போங்க" என்று சொல்வது, டீசல் இல்லாத பஸ்ஸைத் தள்ளச் சொல்வது மாதிரி. முதலில் மாத்திரை கொஞ்சம் ஏற வேண்டும், அப்புறம் நடை.

சூரணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பூனைக்காலி விதையில் லெவோடோபாவே இருக்கிறது, அதனால் அதைக் கேலி செய்ய மாட்டேன். சிக்கல் அளவில்தான். ஒரு கரண்டியில் எவ்வளவு மருந்து என்று தெரியாமல் மாத்திரையோடு சேர்த்தால் கை கால் தானாக முறுக்கும், தலை சுற்றும், இல்லாதது தெரியும். மனச்சோர்வுக்கென்று அதைத் தனியாக நம்பவும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. சின்ன மாமனாரிடம், டாக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார் என்று சொல்லி முடித்தேன். பாண்டி கோயிலுக்குப் போனோம். நாத்தனாருக்கு மனசு ஆறியது, மாமாவும் பொங்கல் சாப்பிட்டார். அங்கேயே தங்கவைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஏழு மணி மாத்திரையை அங்கே யார் கொடுப்பது?

சாப்பாட்டையே விட்டுவிட்டவர், சாவைப் பற்றியே பேசுகிறவர், மாத்திரைகள் எதற்கும் அசையாதவர் என்றால் மனநல டாக்டர்கள் ஷாக் சிகிச்சையைச் சொல்வார்கள். சினிமாவில் காட்டியது போல இல்லை, மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வது. கடுமையான மனச்சோர்வில் வேகமாக வேலை செய்யும் வழிகளில் அதுவும் ஒன்று, பார்க்கின்சன் இறுக்கத்தையும் சில காலம் தளர்த்தும். ஞாபகம் கொஞ்ச நாள் குழம்பும். கடைசி வழி என்றாலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

எங்கே காட்டுவது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. தனியாரில் நரம்பு டாக்டர் ஓரிடம், மனநல டாக்டர் ஓரிடம். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிவதில்லை, இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்ப்பது பல நேரம் மெடிக்கல்காரர் மட்டும்தான். பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், நரம்பியலும் மனநலமும் இரண்டுமே இருக்கின்றன, மருந்தும் இலவசம். காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். கை ஆடுகிறவரை அவ்வளவு நேரம் நிற்க வைப்பது கஷ்டம், மாத்திரை நேரத்தையும் கையில் தண்ணீர் பாட்டிலையும் மறக்கக் கூடாது. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் தாலுகா மருத்துவமனையில் மனநல டாக்டர் வரும் நாளைக் கேட்டுக்கொள்ளலாம், மாவட்ட மனநலத் திட்டத்தில் அப்படி வருகிறார்கள். எங்கே போனாலும் எல்லாச் சீட்டையும் எல்லா அட்டையையும் ஒரே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

"இருந்து என்ன ஆகப்போகுது" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் பூச்சிமருந்து டப்பா இருந்தால் அன்றைக்கே வெளியே போகட்டும், மாத்திரைகளும் ஒருவர் பொறுப்பில் பூட்டில் இருக்கட்டும். ராத்திரி நேரமென்றால் தமிழ்நாடு அரசின் 104க்கோ, மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸின் 14416க்கோ பேசலாம், இரண்டிலும் தமிழில் பேசுவார்கள்.

செர்ட்ராலின் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. மாமா விடியற்காலை மூன்றுக்கு எழுவதில்லை. டீக்கடைக்கு வாரத்தில் நான்கு நாள் போகிறார், மற்ற நாட்களில் மழை, வெயில், அலுப்பு என்று ஏதாவது சொல்வார். பேப்பரில் தலைப்பு மட்டும்தான் படிக்கிறார். என் கணவர், "இப்பத்தான் நல்லா இருக்காரே, நிறுத்திடலாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தினாலும் படிப்படியாகத்தான் என்றார் டாக்டர். காலண்டரில் அடுத்த வாரம் வியாழக்கிழமையைச் சுற்றி அத்தை சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார்: சோடியம் டெஸ்ட், வெறும் வயிறு தேவையில்லை.